பென்சிலுக்கு முன் பந்து

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பல தனியார் பள்ளிகளின் எல்.கே.ஜி. வகுப்பில் முதலில் தொடங்குவது ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன். அடுத்து சாய்கோடு, வளைகோடு, அரைவட்டம். அரையாண்டுக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், ஆண்டு முடிவதற்குள் தமிழ் உயிரெழுத்துகள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வயது மூன்றரை. அது எழுதுவதைக் கொஞ்ச நேரம் பக்கத்திலிருந்து கவனித்தால் போதும். பென்சிலைப் பிடித்திருப்பது விரல் நுனிகள் அல்ல, மூடிய கை முழுவதும். கோடு இழுக்கும்போது மணிக்கட்டு அசைவதில்லை. தோளிலிருந்து கை மொத்தமாக நகர்கிறது. வலது கை எழுத, இடது கையும் சேர்ந்து இறுகுகிறது. நாக்கு உதட்டோரம் வந்துவிடுகிறது. சற்று நேரத்தில் முதுகு வளைகிறது, இடுப்பு பெஞ்சில் சரிகிறது, தலை நோட்டின் மேல் கவிழ்கிறது. ‘நேரா உட்காரு’ என்று அதட்டினால் நிமிரும், மறுபடி சரியும். இது சோம்பல் அல்ல. உடலை நிமிர்த்தி வைக்கும் முதுகு, வயிற்றுத் தசைகளுக்கு அவ்வளவு நேரம் தாங்கும் வலு இன்னும் வரவில்லை. பெஞ்சில் உட்காருவதால் அந்த வலு வந்துவிடாது. ஓடியும் ஏறியும் தொங்கியும் உருண்டும் சுமந்தும்தான் வரும்.

மூன்று முதல் ஆறு வயது வரை உடல் அசைவு என்பது படிப்புக்கு நடுவே கொடுக்கிற இடைவேளை என்றே நம் பள்ளிகள் கருதுகின்றன, பெற்றோரும் அப்படித்தான். நோட்டில் எழுதினால் படிப்பு, வெளியே ஓடினால் விளையாட்டு. இந்தப் பிரிவினையே தவறு. அந்த வயதில் அசைவுதான் முதன்மையான பாடம். அதற்கு அட்டவணையில் தினமும் நேரம் வேண்டும், இந்த வாரம் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற திட்டம் வேண்டும், கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். எழுத்து ஒழுங்காக வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும். குழந்தை வளர்ச்சியைச் சோதிக்கும் மருத்துவர்களும் உளவியலாளர்களும் நெடுங்காலமாகக் கையாளும் ஓர் எளிய சோதனை உண்டு: ஓர் உருவத்தைக் காட்டி அதே போல் வரையச் சொல்வது. வட்டத்தைப் பார்த்து வரைய ஏறக்குறைய மூன்று வயதில் முடிகிறது. கூட்டல் குறிக்கு நான்கு வயது ஆகிறது. சதுரம் நாலரையிலிருந்து ஐந்துக்குள், முக்கோணம் ஐந்தையொட்டி, சாய்சதுரம் ஆறு ஏழு வயதில். குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின் இருக்கலாம். வரிசை மாறுவது அரிது. சதுரத்தின் மூலையைத் திருப்பவே இன்னும் வராத கையிடம், சுழித்து வளைந்து மடங்கி இறங்கும் ‘இ’யை இரட்டைக் கோட்டுக்குள் எழுதச் சொல்கிறோம்.

‘சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் வருமே’ என்பது வழக்கமான பதில். இதைச் சோதித்துப் பார்த்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு 1929-லேயே வெளிவந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசலும் ஹெலன் தாம்ப்சனும் உருவொத்த இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு 46-வது வாரத்தில் தொடங்கி ஆறு வாரம் படியேறப் பயிற்சி தந்தார்கள். மற்றவளுக்கு 53 வாரம் ஆன பிறகே படியைக் காட்டினார்கள். பயிற்சியும் இரண்டே வாரம். அதற்குள் இவள் அவளை ஏறக்குறைய எட்டிவிட்டாள். உடல் முதிர முதிர எல்லாம் தானே வரும் என்று கெசல் இதிலிருந்து முடிவுகட்டினார். அது அளவுக்கு மீறிய முடிவு. ஒரே ஓர் இணைக் குழந்தைகளை வைத்து அவ்வளவு பெரிய விதி சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, படியைக் காணாத அந்த இரண்டாம் குழந்தை அத்தனை வாரமும் கட்டிப்போடப்பட்டிருக்கவில்லை. வழக்கம்போல் தவழவும் பிடித்து எழவும் அதற்குத் தடை இல்லை. படியேறத் தேவையான பயிற்சி உடலுக்கு வேறு வழியில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எனவே இந்த ஆய்வை நான் இப்படிப் படிக்கிறேன்: அடிப்படை அசைவுகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்தால், குறிப்பிட்ட ஒரு திறமை உரிய வேளையில் விரைவாகக் கைவரும், அடிப்படையைப் பறித்துக்கொண்டு அந்தத் திறமையை மட்டும் முன்கூட்டியே திணித்தால், செலவழித்த நேரத்துக்குக் கிடைக்கும் பலன் சொற்பம். எழுத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

‘குழந்தைகள் தானாகவே ஓடுகின்றன, குதிக்கின்றன, அதைப் போய் யாராவது கற்றுக்கொடுப்பார்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மறுப்புகளில் வலுவானது இதுதான், பாதி உண்மையும்கூட. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தன. 17 முறை விழுந்தன. யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பயிற்சிக்கு இடமும் நேரமும் அவற்றுக்குக் கிடைத்திருந்தன. நடைக்குப் பிறகு வருபவை வேறு வகை. எறிவது, பிடிப்பது, உதைப்பது, நொண்டியடிப்பது ஆகியவை வயது கூடுவதால் மட்டும் வந்துவிடுவதில்லை. எறிதலையே பாருங்கள். நன்றாக எறியத் தெரிந்தவர் வலக்கையால் எறியும்போது இடக்கால் முன்னே போகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் அதைத் தொடர்கிறது, கை கடைசியாக வருகிறது. பழகாத குழந்தை நின்ற இடத்திலேயே நின்று முழங்கையால் பந்தைத் தள்ளும். கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காமல் வளர்ந்து, பெரியவரான பிறகும் அப்படியே தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜாக்குலின் குட்வேயும் கிரிஸ்டல் பிராண்டாவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பின்தங்கிய சூழலைச் சேர்ந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு 12 வாரத்தில் 24 வகுப்புகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், அசைவுப் பயிற்சி அளித்தார்கள். அந்தக் குழந்தைகளின் திறன் வெகுவாக உயர்ந்தது. பள்ளியின் வழக்கமான நடவடிக்கைகளோடு விடப்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றார்கள். சாமுவேல் லோகனும் குழுவினரும் 2012-ல் இத்தகைய 11 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியபோதும் இதுவே தெரிந்தது: கற்றுக்கொடுத்த குழுக்கள் முன்னேறின, வெறுமனே விளையாட விடப்பட்டவை குறிப்பிடும்படி முன்னேறவில்லை. இஷ்டம்போல் விளையாடுவது வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கற்பனைக்கும் நட்புக்கும் அது அவசியம். எறியவும் பிடிக்கவும் தாவவும் அது மட்டும் போதாது.

முன்பு இந்தக் கற்பித்தலைத் தெரு செய்தது. பாண்டி ஆட்டத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு முழுப் பாடத்திட்டம் இருக்கிறது. ஓட்டுச் சில்லைக் கட்டத்துக்குள் விழும்படி எறிய வேண்டும். விசை கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் போச்சு. ஒற்றைக் காலில் நொண்டியபடி கட்டம் கட்டமாகப் போக வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது. சில்லு கிடக்கும் கட்டத்தைத் தாண்ட, ஒரு தாவலை மட்டும் நீட்ட வேண்டும். திரும்பும்போது ஒற்றைக் காலிலேயே நின்று, குனிந்து, சில்லை எடுத்து, மறுபடி நிமிர வேண்டும். சாதாரணமாக நான்கு வயதையொட்டித்தான் ஒரு குழந்தைக்கு நொண்டியடிக்கவே வருகிறது. தாவும் உடலைச் சட்டென நிறுத்திக் குனிவது அதற்கும் மேற்பட்ட வேலை. எட்டு வயதுக்காரி ஆடுவதைப் பார்த்து ஐந்து வயதுக்காரி கற்றாள். உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட வாண்டு ஓரமாகத் தாவிப் பழகியது. அந்தக் காலத்தை முழுக்கப் போற்ற வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கும் இழுக்கப்பட்ட பெண் குழந்தைகளுக்குத் தெரு ஒருபோதும் முழுதாகக் கிடைத்ததில்லை. ஆனால் இன்று அந்தத் தெருவில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன, குழந்தை மூன்றாம் மாடியில் கைபேசியோடு இருக்கிறது. தெரு கைவிட்ட பொறுப்பைப் பள்ளியும் அங்கன்வாடியும் ஏற்காவிட்டால் ஏற்பதற்கு வேறு யாரும் இல்லை.

இந்தக் கோரிக்கைக்குப் பலம் சேர்ப்பதாக எண்ணிச் சொல்லப்படும் மிகைகளை ஏற்க முடியாது. தவழாமல் நேரே நடந்துவிட்ட குழந்தைக்குப் பின்னாளில் வாசிப்பு வராது என்றும், கையையும் காலையும் குறுக்காக அசைத்தால் மூளையின் இரு பாதிகளும் இணைந்து மதிப்பெண் கூடும் என்றும் பயிற்சி வகுப்புகள் விற்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. தனியாக நடக்கத் தொடங்கும் இயல்பான காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருந்தது. 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று பதற வேண்டாம் என்பதுதான் இதன் பொருள். அந்தப் பதற்றத்தில் வாங்கப்படும், குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருளும் வாக்கர் நடையைக் கற்றுத் தருவதில்லை. விபத்துகளால் கனடா 2004-ல் அதைத் தடையே செய்துவிட்டது. மரத்தாலான நம் நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கி நின்று தள்ள வேண்டியிருக்கிறது. படிப்போடு அசைவுக்கு உள்ள தொடர்பையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். பள்ளியில் சேரும்போது நுண்ணிய கைத்திறன் நன்றாக உள்ள குழந்தைகள் பின்னர் கணக்கிலும் வாசிப்பிலும் முன்னிற்பதை டேவிட் கிரிஸ்மரின் குழு 2010-ல் காட்டியது. அது தொடர்பைக் காட்டுகிறது. ஒன்றிலிருந்துதான் மற்றது விளைந்தது என்று நிறுவவில்லை. அசைவுக் கல்வியை நான் கேட்பது மதிப்பெண்ணுக்காக அல்ல. எறியவும் தாவவும் தெரிந்த குழந்தை ஆட்டத்தில் சேர்கிறது, சேர்வதால் இன்னும் தேர்கிறது. தெரியாத குழந்தை ஓரமாக நிற்கிறது, நிற்பதால் மேலும் பின்தங்குகிறது. பத்து வயதுக்குள் ‘எனக்கு விளையாட்டு வராது’ என்று அது முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவோடு வளரும் உடல் என்ன ஆகும் என்பதைச் சர்க்கரை நோய் மலிந்த நம் மாநிலத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. பிள்ளைத்தமிழ் வகுத்த பருவங்களில் செங்கீரை, சப்பாணி, வருகை, சிறுபறை, சிறுதேர் எல்லாமே குழந்தை தன் உடலால் புதிதாகச் செய்யத் தொடங்கும் செயல்கள்தாம். 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். இத்தாலி போரில் இறங்கியதால் ஆங்கில அரசின் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகி, கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பணியாற்றினார். தரையில் வரைந்த நீள்வட்டக் கோட்டின் மேல் அடி பிசகாமல் நடப்பது, சின்னக் கூஜாவிலிருந்து சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் மாட்டுவது, தன் நாற்காலியைச் சத்தமின்றித் தூக்கி வைப்பது எல்லாம் அவருடைய வகுப்பில் பாடங்கள். அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் ஊர்தோறும் இருக்கின்றன. அந்தக் கோடும் கூஜாவும் அவை எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். சட்டமோ இந்த வயதை வெளியே நிறுத்திவிட்டது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆனால் அது ஆறு முதல் 14 வயதுக்கான சட்டம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு அதன் 11-வது பிரிவு முடிந்துவிடுகிறது. 2013-ல் வந்த முன்பருவக் கல்விக்கான தேசியக் கொள்கை 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறையும் 30 சதுர மீட்டர் வெளியிடமும் குறைந்தபட்சத் தேவை என்று சொன்னது. கொள்கையை மீறினால் தண்டனை இல்லை. மழலையர் பள்ளிக்கு அங்கீகாரம் தரும் மாநில அரசு, அந்த 30 சதுர மீட்டரையும் தினசரி ஒரு மணி நேர அசைவு வகுப்பையும் அங்கீகாரத்தின் நிபந்தனையாக்க வேண்டும்.

‘இடத்துக்கு எங்கே போவது?’ என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 30 சதுர மீட்டர் என்பது ஆறு மீட்டருக்கு ஐந்து மீட்டர்தான். பத்துப் பத்துக் குழந்தைகளாகப் பிரித்து, முறைவைத்து இறக்கினால் அது போதும். சாக்குக்கட்டி, கயிறு, பழைய சைக்கிள் டயர், துணியில் புளியங்கொட்டை நிரப்பித் தைத்த சிறு பைகள் இருந்தால் ஒரு மாதப் பாடம் நடத்தலாம். பிடிக்கக் கற்கும் குழந்தைக்குப் பந்தைவிட அந்தப் பை மேலானது: சிறு விரல்களுக்குள் அடங்கும், தவறினால் உருண்டோடாது, முகத்தில் பட்டாலும் அவ்வளவாக வலிக்காது என்பதால் குழந்தை கண்ணை மூடிக்கொள்ளாது. மூன்று, நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடல் இயக்கம் தேவை, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருத்தி வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது. ஜப்பான் 2012 முதல் மழலையருக்குத் தினமும் 60 நிமிடத்துக்குக் குறையாத உடல் விளையாட்டை வலியுறுத்துகிறது. நம் வெயிலுக்கு இதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. அங்கன்வாடிகளில் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. மாநிலம் முழுக்க 54,000-க்கும் மேற்பட்ட மையங்களுக்கான அந்தத் திட்டம் தாளில் நன்றாகவே இருக்கிறது. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, செயலியில் விவரம் ஏற்றுவது எனப் பல வேலைகளைச் சுமக்கும் பணியாளர் எப்போது ஆடிப்பாட வைப்பார்? 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. அங்கே மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றுவட்டார உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை இந்த வயதுக்கெனப் பயிற்சி கொடுத்து வாரம் ஓரிரு நாள் அனுப்பினால், மற்ற நாட்களில் அந்த வரிசையைப் பணியாளரே தொடர முடியும்.

பெற்றோரின் கவலையை அலட்சியப்படுத்தக் கூடாது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர் நோட்டு நிரம்பியிருப்பதைப் பார்த்துத்தான் பணம் வீண்போகவில்லை என்று ஆறுதல் அடைகிறார். எழுதாமல் போனால் ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிவிடுமோ என்று அஞ்சுகிறார். டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் குழந்தைக் கல்வி மையமும் ஏசர் என்ற கல்வி ஆய்வு மையமும் அசாம், ராஜஸ்தான், தெலங்கானாவில் சுமார் 14,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்துக்கு நேரான பதில். முன்பள்ளிக்குச் சென்றும் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்குத் தேவையான ஆயத்தத்தோடு வரவில்லை. எழுத்தும் எண்ணும் மட்டும் நடத்திய முன்பள்ளிகளைவிட, வயதுக்கேற்ற விளையாட்டும் செயல்பாடும் இருந்தவற்றில் பயின்றவர்களே நன்றாகத் தயாராகி வந்தார்கள். விழுந்து அடிபடுமே என்ற பயமும் நியாயமானதுதான். கான்கிரீட் தரைக்கு மேல் உயரமான ஏணி வைப்பது அலட்சியம். மணல் பரப்பி, குழந்தையின் தோளுயரத்தில் ஒரு கட்டை வைப்பது பாடம்.  முட்டியில் சிராய்ப்போடு வீடு வரும் நாளில் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமலிருக்கப் பெற்றோர் முன்வந்தால்தான் பள்ளிகளும் துணியும்.

திட்டமிட்ட வகுப்பால் அதிகம் பயனடையப்போகிறவர்கள் இரு தரப்பினர். ஒன்று, பெண் குழந்தைகள். எறிவதிலும் உதைப்பதிலும் அவர்கள் ஆண் குழந்தைகளுக்குப் பின்னால் நிற்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அந்த வயதில் இரு பாலாரின் உடல் வலுவிலும் பெரிய வேறுபாடு கிடையாது. பந்து யார் கையில் அதிகம் கொடுக்கப்படுகிறது என்பதில் வேறுபாடு இருக்கிறது. எல்லோரும் முறைவைத்து எறியும் வகுப்பில் அந்த இடைவெளி குறையும். மற்றவர்கள், அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடு உள்ள குழந்தைகள். பள்ளி வயதினரில் ஐந்து ஆறு சதவீதம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது; சராசரி வகுப்பறைக்கு ஒருவராவது இருப்பார். அறிவில் குறை இல்லை, பார்வை சரி, ஆனால் பொத்தான் போட வராது, படியில் தடுமாறும், கையெழுத்து கோட்டைத் தாண்டும். நம் வகுப்பறைகளில் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் பெயர் மந்தம், கவனக்குறைவு, சேட்டை. எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வரை அதன் சிரமம் எதுவென்று யாருக்கும் தெரியாது. தினமும் கோட்டின் மேல் நடக்கவும் பையைப் பிடிக்கவும் வைக்கிற ஆசிரியர் சில வாரங்களிலேயே கவனித்துவிடுவார். வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிய 2013 முதல் ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. எப்போதாவது ஒரு நாள் வந்து போகும் அவர்களிடம், இந்தக் குழந்தையைக் கொஞ்சம் பாருங்கள் என்று ஆசிரியர் சொல்ல முடிந்தால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் சிகிச்சை அதற்கு ஐந்து வயதிலேயே தொடங்கிவிடும்.